என்னை உடையவர்

நாங்கள் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது மாடு அடிக்கும் மாதத்தில். மதியம் தாண்டியதுமே வெளிச்சம் மூட்டை கட்டிவிடும் நாட்கள் அவை. கடலிலிருந்து ஏறிவந்த பனிமூட்டம் முற்றத்தில் முழங்கால் உயரத்துக்குத் தேங்கி நின்றது. குளிர்காலம் முழுக்கத் தீனி போட்டுக் காப்பாற்ற முடியாத மாடுகளை அன்று காலையில்தான் அடித்திருந்தார்கள். இரத்தமும் உப்பும் ஈரச் சாணமும் கலந்த வாடை வாசலிலேயே எங்களைப் பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் நடந்து வந்ததில் எனக்கு நல்ல பசி. என் மனைவி ஒஸ்கித்துக்கு வழக்கம்போல வாய் மட்டும் ஓயவில்லை.

என் பெயர் பொட்வின். தங்கத்திலும் வெள்ளியிலும் ரூன் என்கிற எங்கள் பழைய கோட்டு எழுத்தை வெட்டுவது தொழில். மோதிரம், வாள்பிடி, கொக்கி, எதைக் கொடுத்தாலும் வெட்டுவேன். ஒஸ்கித் படிப்பாள். எங்கள் தொழிலில் வெட்டுகிறவன் தானே படித்துச் சரிபார்க்கக் கூடாது. தன் கை செய்த தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது. உளி கையில் இருக்கும்வரை அவன் வாயைத் திறப்பதே தப்பு, மூச்சுப் பட்டால் கோடு நடுங்கும் என்பார்கள். அதனால் வெட்ட ஒருவர், படிக்க ஒருவர். இருவரும் புருஷன் பெண்டாட்டியாக இருந்துவிட்டால் கூலி வீட்டைவிட்டு வெளியே போகாது. ஊரில் எங்களைக் கையும் வாயும் என்று கேலி செய்வார்கள். எது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வீட்டுக்காரன் சேல்ரிக் அறுவடையின்போது காய்ச்சலில் இறந்துபோயிருந்தான். கூப்பிட்டு அனுப்பியது அவன் மனைவி வுல்ப்ரன். உள்ளே நுழையப் போன ஒஸ்கித் திடீரென்று நின்றுவிட்டாள். கதவு நிலையில் எழுத்து இருந்தது. மேலே படிந்திருந்த ஈரத்தைக் கையால் துடைத்துவிட்டுப் படித்தாள்.

"என்னை உடையவர் சேல்ரிக்."

படித்துவிட்டுச் சிரித்தாள். கதவே பேசுவதுபோல் எழுதுவது எங்கள் பக்கத்து வழக்கம்தான். பொருள் தானே தன் சொந்தக்காரனைச் சொல்லவேண்டும். ஆனால் கதவுக்கெல்லாம் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. உள்ளே போனால் தண்ணீர் வாளியிலும் அதே வரி. சீப்பில், கரண்டிப் பிடியில், பெஞ்சின் முதுகில், உப்புத் தொட்டியில், எங்கே திரும்பினாலும் அதே வரி. ஒஸ்கித் விடுவாளா. வாளிக்கு ஒரு தடித்த குரல், சீப்புக்கு ஒரு கீச்சுக் குரல் என்று மாற்றி மாற்றிப் படித்துக் காட்டினாள். இறைச்சி நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த வீட்டில் எழுத்துத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. இத்தனை வருஷமாக அந்தப் பொருள்கள் சொன்னது என்ன என்று அன்றைக்குத்தான் அவர்களுக்கே தெரிந்தது.

வுல்ப்ரன் சிரிக்கவில்லை. நாற்பது வயதிருக்கும். முழங்கை வரை சுருட்டிவிட்ட சட்டை, கையெல்லாம் உப்பு. எங்களுக்கு வெங்காயத்தாள் கஞ்சியும் பார்லி ரொட்டியும் பீரும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். கணவருக்குப் படிப்பு நிறைய இருந்திருக்கும் போல என்று நான் மரியாதைக்குச் சொல்லிவைத்தேன்.

"அவருக்கா?" என்றாள். "ஒரு எழுத்து தெரியாது. பேரு எழுதியிருக்கான்னு மட்டும் கையில தெரியும். தினம் பொழுது சாயறப்ப ஒவ்வொரு சாமானா போயி, கட்டை விரலால அந்த எழுத்தத் தடவிப் பாப்பாரு. எல்லாத்தையும் தொட்டு முடிச்சாத்தான் அவருக்குத் தூக்கம் வரும்."

பிறகு இடுப்பிலிருந்த பையை அவிழ்த்து மோதிரத்தை எடுத்து மேசையில் வைத்தாள். நல்ல கனமான தங்கம். சுற்றிலும் எழுத்து வெட்டி, பள்ளத்தில் கறுப்பு உருக்கி ஊற்றிய பழைய வேலை. வெட்டியவன் கைகாரன் என்று பார்த்ததுமே தெரிந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மோதிரத்தோடு தன்னைப் புதைக்கும்படி அவன் கேட்டிருக்கிறான். இறந்தவரோடு எதையும் புதைக்கக் கூடாது என்று பாதிரியார் சொல்லிவிட்டார். அது தனக்குச் சௌகரியமாகப் போயிற்று என்பதை வுல்ப்ரன் மறைக்கவில்லை. அவளுக்கு ஒன்பது நாளில் ஹுன்வால்ட் என்பவரோடு மறுகலியாணம். ஊரார் முன்னால் அவர் விரலில் இந்த மோதிரத்தைப் போடவேண்டும், சேல்ரிக்கின் பெயர் போய் ஹுன்வால்டின் பெயர் அதில் வரவேண்டும். விரலிலிருந்து எப்படிக் கழற்றினீர்கள் என்று ஒஸ்கித் கேட்டாள். அதெல்லாம் கேட்க வேண்டுமா என்று நான் அவள் காலை மிதித்தேன்.

"கொழுப்பு தடவினேன், வந்துடுச்சு" என்றாள் வுல்ப்ரன். "உசிரோட இருந்தப்பவும் அப்படித்தான். தின்னக் குடுத்தாத்தான் கை தாராளமா வரும்."

இனி நாங்கள் செய்தது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. ஒரு பெயரைச் சுரண்டி எடுக்குமுன் அதைச் சொந்தக்காரர் முன்னால் மூன்று தரம் படிக்கவேண்டும். பின்னால் யாரும் வந்து, என் பெயரை அழித்துவிட்டாய் என்று வம்பு வளர்க்கக் கூடாது அல்லவா. எழுத்து மோதிரத்தைச் சுற்றி ஓடுவதால், படிக்கிறவர் அதை விரலில் போட்டுக்கொண்டு உருட்டி உருட்டிப் படிப்பார். வாய்விட்டுத்தான் படிப்பார். வாயை மூடிக்கொண்டு படிக்கும் ஆளை நான் இதுவரை கண்டதில்லை. இந்தக் கதையைச் சொல்லும் நான் இப்போதெல்லாம் அந்த வரியின் நடுவில் நிறுத்தி, இருமிவிட்டுத்தான் மீதியைச் சொல்கிறேன். அன்று யாரும் இருமவில்லை.

ஒஸ்கித் மோதிரத்தைப் போட்டுக்கொண்டாள். முதல் தரம் கணீரென்று படித்தாள். இரண்டாம் தரம் இறைச்சி நறுக்கும் சத்தம் நின்றுபோனது எனக்குக் கேட்டது. மூன்றாம் தரம் படித்தபோது அவள் குரலில் சிரிப்பு இல்லை. யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல, ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகச் சொன்னாள்.

"என்னை. உடையவர். சேல்ரிக்."

பிறகு தலையைக் கொஞ்சம் சாய்த்து, எதற்கோ காதுகொடுத்தாள்.

"சரி" என்றாள்.

என்னிடம் இல்லை. வுல்ப்ரனிடமும் இல்லை. மோதிரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பொழுது சாய்ந்தது. அடுப்பைத் தூண்டிவிட்டிருந்தார்கள். முதலில் கேட்டது கதவு நிலையிலிருந்து. மரத்தின்மேல் ஈர விரலை அழுத்தி இழுத்தால் வருமே, அந்தச் சத்தம். நீளமாக ஒன்று. பிறகு வாளியில். பிறகு சீப்பு வைத்திருந்த மாடத்தில். கொழுப்பு வாடை வந்தது. இறைச்சிக் கொழுப்பின் வாடை இல்லை, பழசாகி நாறிப்போன ஒன்று. பெண்கள் யாரும் நிமிரவில்லை. வுல்ப்ரன் உப்புத் தொட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தொட்டியின் விளிம்பிலும் அது இழுக்கும் சத்தம் கேட்டது. அவர்களுக்கு அது அறுவடையிலிருந்தே பழகிவிட்டது என்பதை அவர்கள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே புரிந்துகொண்டேன்.

சத்தம் எங்கள் பெஞ்சுக்கு வந்தது.

பெஞ்சின் முதுகில் ஒரு தரம்.

ஒஸ்கித் பின்னலை ஒதுக்கிப் பிடித்து, கழுத்தைக் குனிந்து கொடுத்தாள்.

விடிந்ததும் பார்த்தேன். பிடரியில் கட்டை விரல் அளவுக்கு ஒரு குழி. பிசைந்த மாவில் அழுத்தியதுபோல வெளுத்துக் கிடந்தது. தேய்த்துவிட்டேன். எழும்பவில்லை.

அன்றிலிருந்து அவள் பேசவில்லை. பதினொரு வருஷமாக நான் இதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன், ஒருநாள், ஒரே ஒருநாள் இந்த வாய் சும்மா இருக்காதா என்று. வேண்டியது கிடைத்தபோது, பேசு பேசு என்று அவளைப் பிடித்து உலுக்கினேன். எங்கே நிறுத்தினேனோ அங்கேயே நின்றாள். கரண்டியைக் கையில் கொடுத்தால் பிடித்துக்கொண்டிருந்தாள், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. உட்கார் என்றால் உட்காரவில்லை. தோளைப் பிடித்து அழுத்தினால் மடங்கினாள். ஒரு மனுஷியிடம் செய்கிற காரியமா அது என்று எனக்கே அருவருப்பாக இருந்தது.

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. பாதிரியாரைக் கூப்பிட்டு வந்தேன். தண்ணீர் தெளித்தார், நீளமாக ஜெபித்தார், பெண்களுக்குச் சில சமயம் இப்படி வரும் என்று சொல்லிவிட்டு ரொட்டியை வாங்கிக்கொண்டு போனார். பெயரை அழித்தால் சரியாகிவிடும் என்று அன்றே உட்கார்ந்து மோதிரத்திலிருந்து சேல்ரிக்கைச் சுரண்டி எடுத்தேன். ஒரு எழுத்து மிச்சமில்லாமல் எடுத்தேன். பொழுது சாய்ந்ததும் விரல் சத்தம் கதவில் தொடங்கி எங்கள் பெஞ்சில் வந்து முடிந்தது. ஒஸ்கித் பின்னலை ஒதுக்கிக் கொடுத்தாள்.

நான் அவளை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போகப் பார்த்தேன். வாசலைத் தாண்டியதும் அவள் கனம் கூடியது. ஒரு பெண்ணின் கனம் இல்லை அது. இரண்டு வேலையாட்களும் சேர்ந்து இழுத்தும் அவள் நகரவில்லை.

நான்காம் நாள் காலை அவளைக் காணவில்லை. சேல்ரிக்கைப் புதைத்த மேட்டில் கிடந்தாள். மல்லாந்து, கைகள் இரண்டும் பக்கத்தில், நேராக. எடுத்து அடுக்கிவைத்த மாதிரி இருந்தாள். கணுக்கால் வரை மண் மூடியிருந்தது. மண்வெட்டி எதுவும் அங்கே இல்லை. அவள் விரல் நகங்கள் சுத்தமாக இருந்தன.

மேட்டுக்குப் போவதற்கு அவள் கனமாக இல்லை என்பதை வுல்ப்ரன்தான் சொன்னாள். நான் அவள் காலிலிருந்து மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ராத்திரிக்கு எங்கே போட்டாலும் காலையில் இங்கேதான் இருப்பாள், நாளைக்கு முழங்கால், மறுநாள் இடுப்பு என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சேல்ரிக் தன் சாமான்களை மண்ணுக்குள் எடுத்து வைக்கிறார் என்று அவளுக்கு விளங்கிவிட்டது, அதைச் சொன்னாள்.

அவளை வீட்டுக்குள் தூக்கிவந்து விட்டுவிட்டு, திரும்பவும் வேலைப் பலகையில் போய் உட்கார்ந்தேன். வேறு எங்கே போய் உட்காருவது. முன்னால் அந்த மோதிரம் கிடந்தது. பெயர் போய், மீதி இரண்டு சொல் மட்டும் அதில் இருந்தது. என்னை உடையவர். அதற்குப் பின் வெறும் இடம்.

என்னை.

யாரை?

தங்கத்துக்கு வாய் இல்லை. வாளிக்கும் இல்லை, சீப்புக்கும் இல்லை. அந்த வீட்டில் எழுத்துத் தெரிந்த ஒருத்தரும் இல்லாததால் அந்த வரியை இத்தனை காலம் அங்கே யாருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்ன முதல் ஆள் ஒஸ்கித். கதவில் விளையாட்டாகச் சொன்னாள். பிறகு மோதிரத்தைக் கையில் போட்டுக்கொண்டு, சாட்சி வைத்து, மூன்று தரம் முறைப்படி சொன்னாள், என்னை உடையவர் இன்னார் என்று. தன் பொருள் எது எது என்று தினம் தடவிப் பார்க்கிற ஒருவன் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

செய்ய வேண்டியது என்னவென்று தெரிந்துவிட்டது. அவளை வேறு ஒரு வரியை மூன்று தரம் சொல்லவைக்க வேண்டும். உளியை எடுத்தேன். எந்தப் பெயரை வெட்டுவது என்று நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். என் பெயரின் முதல் எழுத்துக்கு நிமிர்ந்த கோட்டை வெட்டும்போது, அந்தப் பயத்துக்கு நடுவிலும், உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது.

தினமும் உச்சி வேளையில் மட்டும் கொஞ்ச நேரம் அவளுக்குக் கண்ணில் உயிர் வரும். அன்றும் வந்தது. என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றிருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை.

"என்ன வெட்டற?" என்றாள். நான்கு நாளாகப் பேசாத தொண்டை கரகரத்தது.

உளியைக் கீழே வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் பெயரைத்தான் வெட்டுகிறேன், இதைப் படித்துவிட்டால் விட்டது தொல்லை என்றேன்.

"அவன் பேரை எடுத்துட்டு உம் பேரா?"

"நான் உம் புருஷன் ஒஸ்கித்."

"எனக்குக் கால் மரத்துப்போச்சு" என்றாள். "கை மரத்துப்போச்சு. அவன் வாளியாட்டம் நிக்கறேன். உம் பேரைப் படிச்சா உன் வாளியாட்டம் நிப்பேன். அதுக்கு அவனே பரவாயில்ல, அவனாவது எங்கிட்ட கஞ்சி வைக்கச் சொல்ல மாட்டான்."

சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒரு பக்கம்தான் நகர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எம் பேரை வெட்டு" என்றாள்.

வெட்டினேன். முதலில் என் கோட்டைச் சுரண்டவேண்டியிருந்தது. தங்கம் அங்கே மெலிந்துபோயிற்று. ரூனில் சேல்ரிக்குக்கு ஆறு எழுத்து, ஒஸ்கித்துக்கு ஐந்துதான். மிச்ச இடத்தில் ஒரு சிறு சிலுவை போட்டேன். வெள்ளியும் ஈயமும் கந்தகமும் சேர்த்து உருக்கிப் பள்ளத்தில் ஊற்றியபோது வெளிச்சம் குறையத் தொடங்கிவிட்டது. கறுப்பு ஆறவேண்டும். ஆறியபின் தேய்த்தால்தான் எழுத்துத் தெரியும். அவசரப்பட்டால் மொத்தமும் பெயர்ந்து வந்துவிடும். ஒஸ்கித்தின் கண்ணிலிருந்து உயிர் போய்விட்டது. சுவரோரம் வாளிகளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

கதவு நிலையில் விரல் இழுத்தது.

நான் தேய்க்கத் தொடங்கினேன்.

வாளி. இன்னொரு வாளி. மாடம். கரண்டி. பாதி எழுத்து தெரிந்தது. வுல்ப்ரன் யாரும் கேட்காமலே விளக்கைத் தூக்கி வந்து என் பக்கத்தில் பிடித்தாள். உப்புத் தொட்டி. ஓடிப்போய் மோதிரத்தை ஒஸ்கித்தின் விரலில் மாட்டி, கையை அவள் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். படி என்றேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சத்தமாகப் படி, உனக்குத் தெரியாதா சத்தமாகப் பேச என்று அழுதுகொண்டே கத்தினேன். கொழுப்பு வாடை எங்கள் இருவர் நடுவில் வந்து நின்றது. அவள் கை பின்னலை ஒதுக்கப் போனது.

"என்னை உடையவர்" என்றாள். மூச்சு மாதிரிதான் வந்தது. "ஒஸ்கித்."

இரண்டாம் தரம் கொஞ்சம் குரல் இருந்தது. மூன்றாம் தரம் கூடத்தின் மறுகோடிவரை கேட்டது.

சத்தம் நின்றது. எதிரே யாரோ கையைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டதை முகத்தில் பட்ட காற்றில் உணர்ந்தேன். அந்தப் பக்கம் நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

"பசிக்குது" என்றாள் ஒஸ்கித்.

வுல்ப்ரன் நல்லவள். தன் தங்கத்தில் வேறொருத்தி பெயர் ஏறிவிட்டதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை உருக்கி வேறு செய்து தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"அவருக்கே குடுத்துடு" என்றாள். "கேட்டுக்கிட்டேதான இருந்தாரு. ஹுன்வால்டுக்கு நான் வேற ஏதாவது போடறேன்."

எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. அந்த மோதிரத்தை இன்னொரு மனிதர் படிக்கவே கூடாது. மண்ணுக்குள் யார் படிக்கப் போகிறார்கள்? மறுநாள் காலை மேட்டில் முழங்கைவரை கையை விட்டு, அடியில் அதை வைத்துவிட்டு வந்தேன். வெளியே பனி உறைந்து கிடந்தது. உள்ளே மண் வெதுவெதுப்பாக இருந்தது. நாங்கள் வீடு வந்து சேர்ந்தோம். வழிநெடுக ஒஸ்கித் பேசிக்கொண்டே வந்தாள், நான் ஒரு இடத்தில்கூடக் குறுக்கே பேசவில்லை.

மூன்று வாரம் நன்றாகப் போனது. நடுக்குளிர்காலத்தில் வரும் யூல் பண்டிகைக்கு பீர் ஊறிக்கொண்டிருந்தது. ஒருநாள் பொழுது சாயும் நேரம் பின்சுவருக்கு வெளியே யாரோ முனகினார்கள்.

"எ."

அவ்வளவுதான். மறுநாள் அதே நேரம் இன்னும் கொஞ்சம்.

"எ... ன்..."

ஏதாவது ஆடாக இருக்கும் என்றேன். ஒஸ்கித் இல்லை என்றாள். அவள் முகம் வெளிறிவிட்டது. "யாரோ எழுத்துக் கூட்டறாங்க" என்றாள்.

ஒவ்வொரு நாளும் ஒரு எழுத்து கூடியது. தப்பு விட்டால் திரும்ப முதலிலிருந்து தொடங்கியது. அத்தனை பொறுமை. செத்தவனுக்கு நேரத்துக்கு என்ன குறை. எழுத்தை அப்படித் தப்பாக இழுக்கும்போது, படித்தே பழகிய ஒஸ்கித்தின் உதடு தன்னையறியாமல் சரியான ஒலிக்குக் குவியும். நான் அவள் கையைப் பிடித்து அழுத்துவேன். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அவள் வாயை மட்டும்தான் நான் நினைத்திருந்தேன். அந்த வரி யார் படித்தாலும் அவரைப் பற்றித்தான் சொல்லும் என்பதை, ஆயிரம் மோதிரம் வெட்டிய நான் மறந்துபோனேன்.

பண்டிகைக்கு முந்தின நாள் அது முழுசாக வந்தது. தடித்த, தொண்டையில் மண் நிறைந்த ஆண்குரல்.

"என்னை. உடையவர். ஒஸ்கித்."

மூன்று தரம் சொன்னான்.

கதவுக்கு வெளியே காத்திருப்பது தெரிந்தது. தாழ்ப்பாள் மெதுவாக மேலே எழும்பியது.

ஒஸ்கித் எழுந்து நின்றாள். "உள்ள வராத" என்றாள். "அங்கயே நில்லு."

தாழ்ப்பாள் இறங்கியது.

அவன் கீழ்ப்படிந்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. போ என்று சொல்லிப் பார்த்தாள். எங்கே போவது என்று சொல்லாததாலோ என்னவோ போகவில்லை. குழிக்குப் போ என்றாள். விடிந்து பார்த்தால் எங்கள் முற்றத்தில் ஒரு குழி வெட்டியிருந்தது. அதை மூடு என்று சொல்ல எங்களுக்குத் தைரியம் வரவில்லை. விறகு தீர்ந்துபோச்சே என்று அவள் ஒருநாள் தனக்குத்தானே முணுமுணுத்தாள். விடியும்போது வாசலில் விறகு, பக்கத்து வீட்டு வேலியைப் பிடுங்கிப் பிளந்தது. அதிலிருந்து அவள் முணுமுணுப்பதையும் விட்டுவிட்டாள்.

எங்கள் குடித்தனமே சண்டையில் நடந்தது. காலையில் எழுந்ததும் தொடங்கினால் படுக்கும்வரை. போன வாரம் தங்கத் தூளை நான் கைதவறிச் சாம்பலில் கொட்டிவிட்டேன். ஒஸ்கித் கரண்டியோடு திரும்பினாள்.

"உன்னையெல்லாம் அப்படியே தூக்கிக்கிட்டுப்..."

பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே காலை மாற்றி வைத்து யாரோ நிமிர்ந்தார்கள். "இல்ல, இல்ல, ஒண்ணுமில்ல" என்று அவள் கதவைப் பார்த்துக் கெஞ்சினாள். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அன்று முழுக்க அழுதாள். அதற்குப்பின் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் திட்டுவதில்லை. பேசுவதே இல்லை என்று சொன்னாலும் சரிதான். தேவைக்குக் கையைக் காட்டிக்கொள்கிறோம்.

நேற்றிலிருந்து அவளுக்குக் காய்ச்சல். உடம்பு கொதிக்கிறது, ஆளைத் தெரியவில்லை. இன்று மதியம் அடுப்போரம் கிடத்தி ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறக்காமலே பேசத் தொடங்கினாள். ஆற்றைப் பற்றி என்னவோ, அவள் அக்காவைப் பற்றி என்னவோ. பிறகு தெளிவாக என் பெயரைச் சொன்னாள்.

"பொட்வினை..."

அதோடு நின்றுவிட்டது. தாழ்ப்பாள் மேலே எழும்பியது. நான் சொன்னால் அது இறங்காது, சொல்லிப் பார்த்துவிட்டேன். என்னை என்ன செய்யவேண்டும் என்பது அவள் சொல்லவேண்டிய மீதியில்தான் இருக்கிறது. அவன் கதவுக்கு வெளியே அதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறான். நான் உள்ளே, என் மனைவியின் வாயருகே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் உதடு மறுபடியும் அசைகிறது.